படத்தின்மேற் படம் வைத்தல்

பயிற்றப்பட்ட தமிழாசிரியர் ஒருவர், பெரியமடு

விழா மலரிலே தமிழாசிரியன் ஒருவன் எழுதப் புகுந்தால், சங்க நூல் ஒன்றன் நயத்தையோ சமய குரவர் ஒருவரின் பெருமையையோ எடுத்துரைப்பான் என்று வாசகர் எதிர்பார்ப்பது இயல்பே. மலர்க்குழுவினர் என்னிடம் கேட்டதும் அதுவே. ஆயினும், சில மாதங்களாக என் சிந்தையை விட்டகலாதிருந்த பொருள் வேறொன்று. கணினியிலே ஒரு படத்தின்மேல் மற்றொரு படத்தை வைக்கும்போது, மேலுள்ள படத்தின் விளிம்பு கீழுள்ள படத்தோடு பொருந்த மறுப்பது ஏன் என்பதே அப்பொருள். இது தமிழாசிரியனுக்கு உரிய துறையன்று என்பாரும் உளர். அவர்கள் இக்கட்டுரையை இறுதிவரை வாசித்தபின் தீர்ப்புக் கூறுவாராக.

விழாவை முன்னிட்டுக் கல்லூரியின் வரலாற்றைக் கூறும் காணொளி ஒன்று ஆக்குவதென்று பழைய மாணவர் முடிவு செய்தனர். உயர்தர வகுப்பு மாணவர் மூவர் அப்பணியை ஏற்றனர். அவர்களை மேற்பார்வை செய்யும் பொறுப்பு என்மேல் விழுந்தது. எனக்குத் தமிழ் கற்பித்தவரும், இன்று நம்மிடையே இல்லாதவருமான ஆசிரியர் ஒருவரின் உருவம் அக்காணொளியில் இடம்பெறல் வேண்டும் என்பது எல்லோர் விருப்பமுமாகும். ஆனால் அவருடைய படங்கள் யாவும் இடம்பெயர்வுகளின்போது அழிந்து போயின. எஞ்சியிருந்தது அடையாள அட்டைக்கென எடுக்கப்பட்ட ஒரேயொரு சிறிய கறுப்பு வெள்ளைப் படம். அதனை அவருடைய மகளார் பிளாஸ்ரிக் உறையொன்றில் இட்டுப் பேணி வைத்திருந்தார். கரிய தலைமயிர், நெற்றியிலே திருநீறு, பின்னால் வெறும் வெண்மை, அவ்வளவே.

சிவராத்திரி தோறும் அவர் எங்களைத் திருக்கேதீச்சரத்துக்கு அழைத்துச் செல்வார். ஆதலால், மாலை வேளையில் இருண்டு கிடக்கும் பாலாவித் தீர்த்தத்தை ஒளிப்பதிவு செய்து, அந்நீர்ப்பரப்பின்மேல் அவருடைய உருவம் மெல்லத் தோன்றி மறையுமாறு செய்வோம் என்று மாணவர் கூறினர். நல்ல எண்ணமே. இரண்டு நாள் முயன்று அவர்கள் ஆக்கிய காட்சியைப் பெரியமடுவில் என் இல்லத்துத் திண்ணையிலே மடிக்கணினியில் வைத்துப் பார்த்தோம். ஆசிரியரின் மகளாரும் உடனிருந்தார். இருண்ட நீரின்மேல் அவர் முகம் தோன்றியது. ஆனால் தலையைச் சுற்றி வெண்சுண்ணாம்பாற் கோடு கீறியது போல ஒரு விளிம்பு பளிச்சிட்டது.

“தம்பி, அப்பாவைக் கத்திரிக்கோலால வெட்டி ஒட்டினமாதிரியெல்லோ கிடக்குது” என்றார் அவர். அவர் குறையாகக் கூறவில்லை, மெதுவாகத்தான் கூறினார். ஆயினும் அச்சொல் எங்களுக்கு உறைத்தது. “சேர், விளிம்பை இன்னும் மென்மையாக்கினால் சரிவரும்” என்றான் மாணவன் ஒருவன். மென்மையாக்கினோம், வெண்கோடு வெண்புகையாயிற்று. மேலும் மென்மையாக்கினோம், புகை பெருகியது. நோயின் காரணத்தை அறியாது மருந்தின் அளவைக் கூட்டினோம் என்பது பின்னரே விளங்கிற்று.

விளிம்பு என்பது யாது?

எங்கள் ஊரின் பெயரிலேயே மடு உளது. மடு என்பது ஆழமான நீர்நிலை. நீர்நிலையொன்றன் கரையிலே காலையில் நின்று, நீர் எவ்விடத்தில் முடிகின்றது, நிலம் எவ்விடத்தில் தொடங்குகின்றது என்று கோடு கீறிக் காட்டுமாறு கேட்டால் எவராலும் இயலாது. இடையிலே ஈரமண் உளது. அது நீரின் பங்கும் நிலத்தின் பங்கும் உடையது. கண்ணாற் காணும் பொருள்களின் விளிம்புகளும் பெரும்பாலும் இத்தகையனவே. ஒரு மயிரிழை ஒளிப்படத்தின் ஒரு புள்ளியைக் காட்டிலும் மெல்லியதாயின், அப்புள்ளியிலே மயிரின் நிறமும் பின்னணியின் நிறமும் கலந்தே பதியும். கத்திரிக்கோல் அறியாத உண்மை இது. கத்திரிக்கோலுக்கு உள்ளே, வெளியே என்னும் இரண்டே உண்டு, இடைப்பட்டது இல்லை.

கணினித் திரையிலுள்ள படம் சிறுசிறு புள்ளிகளால் ஆயது. இன்று பெரிதும் வழங்கும் காணொளிச் சட்டம் ஒன்று குறுக்கே 1920 புள்ளிகளும் நெடுக்கே 1080 புள்ளிகளும் உடையது; ஆக மொத்தம் 2,073,600 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று ஒளிகளின் அளவைக் குறிக்கும் மூன்று எண்கள் உள. சாதாரணக் கோப்பிலே ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை அமையும். மூன்றும் 0 எனின் கறுப்பு. மூன்றும் 255 எனின் வெள்ளை.

ஒரு படத்தை மற்றொன்றின்மேல் வைப்பதற்கு இம்மூன்றும் போதா. அப்புள்ளி தனக்குக் கீழுள்ளதை எவ்வளவு மறைக்கின்றது என்பதைக் கூறும் நான்காம் எண் ஒன்று வேண்டும். அதற்கு அல்பா என்று பெயர். இக்கட்டுரையில் அதனை மறைப்பளவு என்போம். மறைப்பளவு 1 எனின் முழு மறைப்பு, 0 எனின் கண்ணாடி போல் ஊடு தெரியும், 0.5 எனின் பாதி மறைப்பு. முகத்தின் நடுவே 1, முகத்துக்கு வெளியே 0, விளிம்பிலே 1 இலிருந்து 0 வரை படிப்படியாக இறங்கும் எண்கள். இவ்வாறு இறங்கும் விளிம்பே மென்விளிம்பு எனப்படும்.

முன்னோர் கண்ட வழிகள்

படத்தோடு படம் இணைக்கும் ஆசை கணினிக்கு மிக முந்தியது. 1857ஆம் ஆண்டிலேயே ஒஸ்கார் றெயிலாண்டர் என்பவர் முப்பதுக்கு மேற்பட்ட எதிர்ப்படங்களை இணைத்து அச்சிட்டுப் பெரும்படம் ஒன்றை ஆக்கினார். பிரான்சு தேசத்து ஜோர்ஜ் மெலியேஸ் 1898இல், ஒரே மனிதனின் தலைகள் பல மேசைமேல் இருந்து பேசுமாறு சலனப்படம் எடுத்தார். நம் தமிழ்ச் சினிமாவிலே 1940இல் சேலம் மொடேர்ன் தியேட்டர்ஸ் வெளியிட்ட ‘உத்தம புத்திரன்’ படத்தில் பி. யு. சின்னப்பா இரட்டை வேடம் தாங்கி நடித்தமை மூத்தோர் பலர் அறிந்தது.

அக்காலத்தில் இரட்டை வேடக் காட்சிக்குப் பொதுவாகக் கையாளப்பட்ட வழி எளியது. ஒளிப்பதிவுக் கருவியின் முன்னே ஒரு பாதியைக் கரிய அட்டையால் மறைத்து, மற்றப் பாதியில் நடிகரைப் படம் பிடிப்பர். பின்னர் சுருளைப் பின்னோக்கிச் சுற்றி, பதிந்த பாதியை மறைத்து, எஞ்சிய பாதியில் அதே நடிகரை வேறு வேடத்தில் நிறுத்திப் படம் பிடிப்பர். இங்கே ஒரு நுட்பம் உளது. அட்டை வில்லைக்கு மிக அருகில் இருந்தால் அதன் விளிம்பு குவியத்துக்குள் அமையாது, மங்கித் தெரியும். அம்மங்கலே இரண்டு பாதிகளையும் தழும்பின்றி இணைக்கும். அட்டை தொலைவில் இருந்தால் விளிம்பு கூர்மையாகி நடுவே கோடு தெரிந்துவிடும். இன்று மென்பொருள் எண்களாற் செய்வதை அன்று வில்லையின் மங்கல் செய்தது.

புகைப்பட நிலையத்தாரும் மென்விளிம்பை அறிந்திருந்தனர். நம் வீட்டுச் சுவர்களிலே தொங்கும் பாட்டன் பாட்டிமாரின் பழைய படங்கள் சிலவற்றில், மார்புக்குக் கீழே உருவம் வெண்மையிற் கரைந்து போவதைக் கண்டிருப்பீர்கள். துளையிட்ட அட்டை ஒன்றை ஒளிக்கும் தாளுக்கும் இடையே பிடித்து, அதனை ஓயாது அசைத்துக்கொண்டே அச்சிடுவதால் வந்த விளைவு அது. அட்டை அசையாது நின்றால் துளையின் வடிவம் தாளில் அப்படியே பதிந்துவிடும்.

வண்ணப்படம் வந்தபின் நீலத்திரை முறை வளர்ந்தது. 1940இல் வெளிவந்த ‘பக்தாத் திருடன்’ என்னும் ஆங்கிலப் படத்திற்கு லோறன்ஸ் பட்லர் இம்முறையைக் கையாண்டார். நடிகரை நீலத்திரையின் முன் நிறுத்திப் படம் பிடித்து, நீலத்தை மட்டும் நீக்கிவிட்டு வேறு காட்சியை அவ்விடத்தில் இடுவர். ஆனால் மயிர், புகை, மெல்லிய துகில் ஆகியவற்றின் விளிம்பிலே நீலம் எஞ்சி நின்று காட்டிக்கொடுத்தது. பெற்றோ விலாகோஸ் என்பார் ‘பென்ஹர்’ (1959) படத்துக்காக வகுத்த முறையே அந்நீல விளிம்பைப் பெரிதும் ஒழித்தது. எனவே, எங்கள் திண்ணையில் தோன்றிய வெண்கோடு புதிய நோயன்று. பழைய நோயின் புதிய தோற்றமே.

அல்பா என்னும் எண்ணைப் படத்தோடு சேர்த்தே வைக்கும் எண்ணம் 1970களின் பிற்பகுதியிலே நியூயோர்க் தொழினுட்பக் கழகத்தில் எட் கட்மல், அல்வி றே சிமித் என்னும் இருவரால் உருவாயிற்று. இரண்டு எண்களைக் கலக்கும் கணிதச் சூத்திரத்தில் அல்பா என்னும் கிரேக்க எழுத்து வழங்கியமையால் அப்பெயர் நிலைத்தது. 1984இல் லூக்காஸ் பிலிம் நிறுவனத்தைச் சேர்ந்த தோமஸ் போட்டர், தொம் டஃப் ஆகிய இருவரும் படங்களை இணைக்கும் முறைகளை ஒழுங்காக வகுத்து ஆய்வுக்கட்டுரை ஒன்றை வெளியிட்டனர். இந்நால்வருக்கும் 1996இல் அமெரிக்கத் திரைப்படக் கலைக்கழகத்தின் தொழினுட்ப விருது வழங்கப்பட்டது. இன்று கைத்தொலைபேசியிற் கூட இயங்கும் கணக்கு அவர்கள் வகுத்த கணக்கே.

கலப்பின் கணக்கு

கணக்கு மிகச் சிறியது. கனிட்ட வகுப்பு மாணவனும் செய்யத்தக்கது. மேற்படத்தின் எண்ணை மறைப்பளவாற் பெருக்குக. ஒன்றிலிருந்து மறைப்பளவைக் கழித்து, எஞ்சியதாற் கீழ்ப்படத்தின் எண்ணைப் பெருக்குக. இரண்டையும் கூட்டுக. வருவதே திரையிற் காணும் எண்.

எங்கள் ஆசிரியரின் படத்தை உதாரணமாகக் கொள்வோம். கறுப்பு வெள்ளைப் படமாதலின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண்ணைப் பார்த்தாற் போதும். மயிரின் கருமை 40 எனவும், பின்னாலுள்ள தாளின் வெண்மை 250 எனவும், பாலாவியின் இருண்ட நீர் 20 எனவும் வைத்துக்கொள்க. மயிரும் வெண்மையும் பாதிபாதியாகக் கலந்த விளிம்புப் புள்ளி ஒன்றின் மறைப்பளவு 0.5 ஆகும். நீரின்மேல் அது எவ்வாறு தோன்றல் வேண்டும்? மயிரின் பாதி 20, நீரின் பாதி 10, ஆக 30. இருளோடு இருளாக அமைதியாகப் பொருந்தும்.

நாங்கள் செய்ததோ வேறு. அப்புள்ளியிலே கோப்பில் இருந்த எண் மயிரின் 40 அன்று. மயிரும் தாளும் முன்னமே கலந்த 145. மென்பொருள் 145இன் பாதியையும் நீரின் பாதியாகிய 10ஐயும் கூட்டிற்று. ஏறத்தாழ 83 வந்தது. 30 இருக்கவேண்டிய இடத்தில் 83 நின்றால் அது பளிச்சிடாமல் என்செய்யும்? தலையைச் சுற்றி நின்ற வெண்கோடு வேறெதுவுமன்று. அடையாள அட்டைப் படத்தின் பின்னாலிருந்த தாளே. ஆசிரியரைப் பாலாவிக்கு அழைத்து வந்த நாங்கள், அவர் பின்னாலிருந்த சுவரையும் சிறிதளவு சுமந்து வந்துவிட்டோம்.

மென்மையைக் கூட்டியபோது நோய் ஏன் பெருகியது என்பதும் இப்பொழுது விளங்கும். மென்பொருள்களில் ‘பெதர்’, அதாவது இறகு, என வழங்கும் கருவி மறைப்பளவை வெட்டுக்கோட்டின் இருபுறமும் பரப்புகின்றது. பத்துப் புள்ளி அகலம் கொடுத்தால், பெரும்பாலும் ஐந்து புள்ளி உள்ளேயும் ஐந்து புள்ளி வெளியேயும் பரவும். வெளியேயுள்ள ஐந்தும் தூய வெண்தாள். அதனை அரைகுறையாகக் காட்டுமாறு நாங்களே கட்டளையிட்டோம்!

பரிகாரம் மூவகைப்படும். முதலாவது, மறைப்புப் படத்தை முதலில் உள்நோக்கிச் சுருக்குதல். பத்துப் புள்ளி இறகுக்குக் குறைந்தது ஐந்து புள்ளி சுருக்கினால், மென்மை முழுவதும் உருவத்துக்குள்ளேயே அடங்கும். ஆனால் மெல்லிய மயிரிழைகள் இதனால் மறையக்கூடும். இரண்டாவது, விளிம்புப் புள்ளிகளின் நிறத்தை உள்ளேயுள்ள தூய நிறத்தாற் பூசுதல். மறைப்பளவை மாற்றாது நிறத்தை மட்டும் மாற்றுவதால் மயிரிழைகள் பிழைக்கும். மூன்றாவது, பழைய பின்னணியைக் கணக்காலேயே கழித்தல். பின்னணி 250 என்றும் மறைப்பளவு 0.5 என்றும் அறிந்தால், 145இலிருந்து 250இன் பாதியாகிய 125ஐக் கழிக்க 20 எஞ்சும், அதனை 0.5ஆல் வகுக்க 40 வரும். மயிரின் உண்மை நிறம் மீண்டுவிட்டது! பின்னணி ஒரே சீரான வெண்மையாய் இருந்தாலன்றி இக்கணக்கு இவ்வளவு எளிதாகாது. வெறுமை என்று நாங்கள் வருந்திய அந்த வெண்தாளே இங்கு உதவியாயிற்று.

புணர்ந்த எண்ணும் புணராத எண்ணும்

வெண்கோடு நீங்கியபின் வேறொரு தொல்லை வந்தது. மாணவன் ஒருவன் வேறு மென்பொருளில் ஆக்கிய கல்லூரிச் சின்னத்தைச் சாம்பல் நிறப் பின்னணியின்மேல் வைத்தபோது, அதனைச் சுற்றிக் கரிய விளிம்பு தோன்றியது. அங்கே வெண்தாளும் இல்லை, வெட்டும் இல்லை. காரணம் கோப்பு எழுதப்பட்ட முறையில் இருந்தது.

மறைப்பளவுள்ள படத்தைச் சேமிக்க இரண்டு முறைகள் உள. ஒன்று, நிறத்தை நிறமாகவும் மறைப்பளவை மறைப்பளவாகவும் தனித்தனியே வைத்தல். மென்பொருள்கள் இதனை ‘ஸ்ட்ரெயிட்’ என்கின்றன. மற்றையது, நிறத்தை மறைப்பளவால் முன்னரே பெருக்கி வைத்தல். இதனைப் ‘பிறிமல்ரிபிளைட்’ என்கின்றன. முன்னதைப் புணராத எண் என்றும் பின்னதைப் புணர்ந்த எண் என்றும் தமிழாசிரியன் அழைப்பதை வாசகர் பொறுத்தருள்வாராக. இரண்டும் பிழையற்றவை. பி.என்.ஜி. என்னும் கோப்பு வகை புணராத முறையைப் பின்பற்றுவது. போட்டரும் டஃப்பும் விரும்பியது புணர்ந்த முறை. அதிலே மீண்டும் மீண்டும் பெருக்கும் வேலை குறையும்.

ஒன்றை மற்றொன்றாக வாசிக்கும்போதே பிழை நிகழும். சின்னத்தின் விளிம்பு நிறம் 200, மறைப்பளவு 0.5, கீழேயுள்ள சாம்பல் நிறமும் 200 என்க. விடையும் 200 ஆதல் வேண்டும். புணர்ந்த கோப்பிலே எழுதப்பட்டிருக்கும் எண் 100. அதனைப் புணராத எண் என்று மென்பொருள் தவறாக எண்ணினால், மீண்டும் 0.5ஆற் பெருக்கி 50 ஆக்கும். கீழ்ப்படத்தின் 100ஐக் கூட்ட 150 வரும். கரிய விளிம்பு இதனாலேயே தோன்றியது. மாறாக, புணராத 200ஐப் புணர்ந்தது என்று எண்ணினால் பெருக்காமலே 100ஐக் கூட்டும், 300 வரும். 255க்கு மேல் இடமின்மையால் அது தூய வெண்மையாய் நின்றுவிடும். ஆகவே ஒரு சிறு விதியை மாணவர் மனத்திற் கொள்ளலாம்: எதிர்பாராத கரிய விளிம்பு கண்டால், இருமுறை பெருக்கப்பட்டதோ என ஐயுறுக, எதிர்பாராத வெளிறிய விளிம்பு கண்டால், பெருக்காமல் விடப்பட்டதோ எனவும், பழைய பின்னணி தொற்றி வந்ததோ எனவும் ஐயுறுக.

இலக்கணம் கற்றார்க்கு இது புதிதன்று. மணி, ஓசை என்னும் இரு சொற்கள் புணருமிடத்து, இடையே யகர உடம்படுமெய் தோன்றி மணியோசை என நிற்கும். மா, இலை என்பன வகரம் பெற்று மாவிலை ஆகும். அவ்வுடம்படுமெய் நிலைமொழிக்கும் உரியதன்று, வருமொழிக்கும் உரியதன்று. இரண்டையும் உடம்படச் செய்வதே அதன் தொழில். மென்விளிம்பின் தொழிலும் அதுவே. ஆனால் ஏற்கெனவே புணர்ந்து நிற்கும் மணியோசை என்னும் சொல்லைப் புணராதது என்று மயங்கி, இன்னுமொரு யகரத்தை இடையே சேர்ப்பவன் சொல்லைக் கெடுப்பான். கோப்பைத் தவறாக வாசிக்கும் மென்பொருள் செய்வதும் அதுவே. கோப்பு எவ்வகையது என்பதை நாம் உண்மையாகச் சொன்னால் அது பிழை செய்யாது. நல்ல தொகுப்பு மென்பொருள்களில் இதனைத் தெரிவிக்கும் இடம் உளது. நாங்கள் அதனைப் பார்க்காமற் கடந்து சென்றோம்.

செய்வோர்க்குச் சில குறிப்புகள்

இப்பணியில் இறங்கும் மாணவர்க்கும், குடும்ப நினைவுக் காணொளிகள் ஆக்கும் பழைய மாணவர்க்கும் பயன்படும் என நம்பிச் சிலவற்றைத் தொகுத்துரைக்கின்றேன்.

பழைய படத்தை ஸ்கானரில் இடும்போது தேவைக்கு மிகுதியான நுணுக்கத்தோடு பதிவு செய்க. சிறிய படத்தைப் பின்னர்ப் பெருப்பித்தால் விளிம்பும் உடன் பெருத்து ஏணிப்படி போலாகும்.

வெட்டிய உருவத்தை ஜேபெக் கோப்பாகச் சேமிக்கவேண்டா. அவ்வகைக் கோப்பில் மறைப்பளவுக்கு இடமில்லை. வெளிப்புறம் ஏதேனும் ஒரு நிறத்தால் நிரம்பிவிடும். அசையாப் படத்துக்குப் பி.என்.ஜி. ஏற்றது. அசையும் படத்துக்கு, நாம் நாள்தோறும் பகிரும் சாதாரண எம்.பி.4 காணொளி உதவாது. மறைப்பளவைத் தாங்கும் வகையையே தெரிதல் வேண்டும்.

மென்மையின் அளவைப் படத்தின் தெளிவுக்கு ஏற்பக் கொள்க. கீழ்ப்படம் கூர்மையாகவும் மேற்படத்தின் விளிம்பு பஞ்சு போலவும் இருந்தால், உருவம் நீரில் மிதப்பது போலாகும். முகத்தின் ஓரத்துக்கு இரண்டு மூன்று புள்ளி மென்மை போதியதாகலாம். தலைமயிருக்குக் கூடுதலாகவும், தோளுக்குக் கீழே உருவம் கரைந்து மறையவேண்டிய இடத்தில் நூறு புள்ளிக்கு மேலும் தேவைப்படலாம். எல்லாப் பக்கமும் ஒரே அளவு மென்மை இடுவது புதியோர் செய்யும் பிழை.

மிக அகன்ற மென்மையிலே சில வேளை படிப்படியான வளையங்கள் தோன்றும். 256 படிகள் மட்டுமே உள்ள கோப்பில் பெரிய பரப்புக்குப் படிகள் போதாமையே காரணம். கூடிய நுணுக்கமுள்ள கோப்பிலே வேலை செய்தாலும், சிறிதளவு மணிமணியான இரைச்சலைச் சேர்த்தாலும் அது மறையும்.

கோப்பிலுள்ள எண் ஒளியின் அளவுக்கு நேர்விகிதத்தில் அமைந்ததன்று என்பதையும் அறிதல் நன்று. வெள்ளையின் பாதி ஒளியைக் குறிக்கும் எண் 128 அன்று. வழக்கமான திரைகளில் ஏறத்தாழ 188 ஆகும். ஆகவே, எண்களை அப்படியே கலந்தால் விளிம்பு சற்று இருண்டு தோன்றக்கூடும். சில மென்பொருள்களில் உண்மை ஒளியளவிற் கலக்குமாறு பணிக்க வழியுண்டு. மேலே யான் காட்டிய கணக்குகள் எளிமை கருதி எண்களை அப்படியே கலந்தவை.

இறுதியாக, இணைத்த உருவத்தை ஒருமுறை தூய கருமையின்மேலும், ஒருமுறை தூய வெண்மையின்மேலும், ஒருமுறை கடும் பச்சையின்மேலும் வைத்துப் பார்க்க. ஒன்றில் மறைந்த குறை மற்றொன்றில் வெளிப்படும்.

இணைப்பும் உண்மையும்

இவற்றையெல்லாம் கற்றுத் திருத்தியபின், ஆசிரியரின் உருவம் பாலாவியின்மேல் அமைதியாக எழுந்தது. வெண்கோடு இல்லை, புகை இல்லை. மாணவர் மகிழ்ந்தனர். அம்மகிழ்ச்சியிலே அவர்களுள் ஒருவன், “சேர், இனி இவரைப் பழைய ஆசிரியர் குழுப்படத்திலும் சேர்த்துவிடலாமே” என்றான். அக்குழுப்படம் எடுத்த நாளில் ஆசிரியர் வந்திருக்கவில்லை. வரிசையின் ஓரத்திலே ஓர் இடம் வெறுமையாகவும் இருந்தது. பழைய மாணவர் சிலரும் இதனை விரும்பினர். தொழினுட்பம் தடையில்லை, எவராலும் கண்டுபிடிக்க இயலாவாறு செய்திருக்கலாம்.

யான் அன்று இரவு நெடுநேரம் எண்ணினேன். நம் நாட்டிலே இறந்த கணவனையும் உயிரோடிருக்கும் மனைவியையும் ஒரே படத்தில் இணைத்துத் தருமாறு புகைப்பட நிலையத்தாரிடம் கேட்பது வழக்கம். இடம்பெயர்வில் எல்லாம் இழந்தோர்க்கு அத்தகைய படமே குடும்பத்தின் ஒரே சான்றாய் நிற்பதும் உண்டு. அதனைப் பொய் என்று கூற எனக்கு நாவெழாது. அது இணைத்த படமென்பதை அவ்வீட்டார் அனைவரும் அறிவர். அது அன்பின் செயல். ஆனால் கல்லூரியின் குழுப்படம் வீட்டுப் படமன்று, அது ஆவணம். இன்னும் ஐம்பது ஆண்டு கழித்து இக்கல்லூரியின் வரலாற்றை எழுதப் புகும் ஒருவன், யார் எந்நாளில் எங்கே நின்றார் என்பதற்கு அப்படத்தையே சான்றாகக் கொள்வான். நாம் அவனுக்குச் செய்யும் துரோகம் எவ்வளவு மென்விளிம்பு உடையதாயினும் துரோகமே.

மறுநாள் ஆசிரியரின் மகளாரிடம் இதனைக் கூறினேன். “சரிதான் தம்பி. அண்டைக்கு அவர் வரேல்லை எண்டால் வரேல்லைதானே. வராதவரை வந்தவர் எண்டு சொன்னால் அப்பாவே ஒத்துக்கொள்ளமாட்டார்” என்றார். வகுப்பு வரவுப் பதிவேட்டிலே ஒரு நாளும் பொய்க்குறி இடாத ஆசிரியரின் மகளார் வேறெவ்வாறு கூறுவார்! குழுப்படம் தொடப்படாமலே காணொளியில் இடம்பெற்றது. வெறுமையான இடமும் அப்படியே நின்றது. அதனை அடுத்துப் பாலாவிக் காட்சி வரும். அதன் கீழே, ‘இணைக்கப்பட்ட படம்’ என்னும் இரு சொற்கள் சிறிய எழுத்திலே தோன்றும்.

படத்தை இணைப்பவன் நினைவிற் கொள்ளவேண்டுவன இரண்டே என்று இப்பொழுது எனக்குத் தோன்றுகின்றது. கொண்டுவரும் உருவத்தோடு அதன் பழைய பின்னணியைச் சுமந்து வராதிருத்தல் ஒன்று. அவ்வுருவம் எங்கிருந்து வந்தது என்பதை மறையாதிருத்தல் மற்றொன்று. முன்னதைக் கணக்கு கற்பிக்கும். பின்னதைக் கற்பித்தவர் அப்படத்திலே இருக்கின்றார்.

அவர் பயின்றதும் பயிற்றியதுமாகிய நம் கல்லூரி நீடூழி வாழ்க!